பென்ஷன் பணம் ஊருக்குள் வந்தால் என்ன ஆகும்?

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றில் என் அத்தை இருக்கிறார். திருச்சி பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்தவர். மாமா போன பிறகு திருச்சி வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தார். அவர் வந்த புதிதில் சுற்றிலும் தென்னையும் பாக்கும் வாழையும்தான். இப்போது அந்த ரோட்டில் மட்டும் ஆறு ஏழு பெயர்ப்பலகைகள் நிற்கின்றன.

போன முறை போனபோது ஒரு ராத்திரி தங்கினேன். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே டவுன் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஒருவர் கையில் தூக்குவாளி, ஒருவர் தோளில் பை. பாதிப்பேர் சமையற்கட்டுக்கு, மற்றவர்கள் வீடு துடைக்க, துணி காயப்போட, படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்க. சமையல் அக்கா ஒருவரிடம், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்து ஊர் இல்லை, ரெண்டு பஸ் மாறி வருகிறாராம். "இங்கயேதானுங்க முன்னாடி இருந்தோம். வாடகை கட்டுப்படியாகலீங்க. மொதப் பஸ்ஸ உட்டுட்டா பெரியவங்களுக்குக் காப்பி இல்லீங்க" என்றார்.

அந்த அக்கா சொன்ன நாலு வாக்கியத்துக்குள் ஒரு பெரிய பொருளாதாரப் பாடம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் கூட்டமாக ஒரு கிராமப்புறத்துக்குக் குடிவந்தால் அந்த ஊருக்கு என்ன நடக்கிறது என்பதுதான் அது. படிப்படியாகப் பார்ப்போம்.

வெளியிலிருந்து வரும் பணம்

ஒரு ஊர் எப்படிப் பிழைக்கிறது? திருப்பூர் பனியனை வெளியே விற்கிறது. சிவகாசி பட்டாசை விற்கிறது. பொள்ளாச்சியிலிருந்து இளநீர் லாரி லாரியாகப் போகிறது. இப்படி வெளியாரிடம் விற்று உள்ளே கொண்டுவரும் பணம்தான் ஊருக்கு ஆதாரம். அந்தப் பணம் வந்த பிறகுதான் டீக்கடை, சலூன், மளிகைக்கடை, டியூஷன் எல்லாம் ஓடும். பனியன் கம்பெனி மூடினால் டீக்கடையும் கொஞ்ச நாளில் மூடும். டீக்கடை மூடினால் பனியன் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது என் அத்தையைப் பாருங்கள். அவர் உழைத்தது திருச்சியில். ஓய்வூதியம் கொடுப்பது மத்திய அரசு. மாதக் கடைசி வேலைநாளில் கணக்கில் ஏறுகிறது. அவர் அதைச் செலவழிப்பது இந்த மலையடிவார ஊரில். அதாவது, ஊர் எதையும் விற்று அனுப்பாமலேயே வெளிப்பணம் உள்ளே வருகிறது. கணக்குப் போடுபவரின் கண்ணுக்கு என் அத்தையும் ஒரு பனியன் கம்பெனிதான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஓய்வூதியத்தோடு டாலரும் சேர்ந்துகொள்கிறது.

மணியார்டரை நம்பி ஓடிய ஊர்களை நமக்குத் தெரியும். அமெரிக்காவில் இதைத் தபால்பெட்டி வருமானம் என்பார்கள். அங்கே 1940-லிருந்து சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது. 1965-ல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கும் சட்டம் வந்தது. இரண்டும், ஆள் எந்த மாநிலத்துக்குக் குடிபோனாலும் கூடவே போகும். இதனால் சுரங்கமோ தொழிற்சாலையோ இல்லாத கிராமப்புற மாவட்டங்கள்கூட முதியவர்களை வரவேற்றே வளரலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அமெரிக்க வேளாண் துறை இதற்கென்று ஒரு வகைப்பாடே வைத்திருக்கிறது: பத்தாண்டில், குடிவரவால் மட்டும், 60 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 15 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் அது 'ஓய்வுபெற்றோர் நாடிவரும் மாவட்டம்'.

இந்தப் பணத்துக்கு ஒரு தனி நல்ல குணம் உண்டு. மழை பொய்த்தாலும் வரும், ஆர்டர் நின்றாலும் வரும். பனியன் கம்பெனிக்கு வருகிற மந்தம் ஓய்வூதியத்துக்கு வராது. ஆனால் ஆள் வருவதில் மந்தம் உண்டு. 2008 நிதி நெருக்கடியில் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் வீட்டை விற்க முடியாதவர்கள் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்ப முடியவில்லை. அங்கே வீடு கட்டியே பிழைத்தவர்களுக்கு வேலை போனது. ஏற்கெனவே வந்துவிட்டவர்களின் செலவு ஓடிக்கொண்டிருந்தது, புது வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டது. ஒரு ஊர் எதை நம்பி நிற்கிறது என்று இதை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

நின்றதும் கசிந்ததும்

பணம் வருவது ஒரு கணக்கு, நிற்பது வேறு கணக்கு. வாய்க்காலில் எவ்வளவு திறந்துவிட்டாலும் வயலில் எவ்வளவு தேங்குகிறதோ அதுதான் பயிருக்கு.

அத்தை 100 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்கள் அதில் 40 ரூபாயை உள்ளூரிலேயே மறுபடி செலவு செய்கிறார்கள். அந்த 40-ஐ வாங்கியவர்கள் 16 ரூபாய் செலவு செய்கிறார்கள், பிறகு ஆறரை ரூபாய், இப்படியே குறைந்துகொண்டே போகும். எல்லாம் கூட்டினால் 100 ரூபாய் ஊரில் 166 ரூபாய் அளவுக்கு வேலை செய்திருக்கும். உள்ளூரில் நிற்பது 40 இல்லை, 20-தான் என்றால்? மொத்தம் 125-தான். இதைத்தான் பொருளாதாரத்தில் பெருக்கி என்கிறார்கள். வருபவர் எவ்வளவு பணக்காரர் என்பதைவிட, அவர் காசு ஊரில் எத்தனை கை மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அத்தையின் மாதச் செலவை உட்கார்ந்து எழுதினோம். பராமரிப்புக் கட்டணம் கம்பெனியின் தலைமை அலுவலகக் கணக்குக்குப் போகிறது. அதிலிருந்து சம்பளமாக ஒரு பங்கு திரும்பி வருகிறது. சாப்பாட்டுக்குக் காய்கறி கோவை மொத்த மார்க்கெட்டிலிருந்து டெம்போவில் வருகிறது. ஐந்நூறு அடி தள்ளி இருக்கும் தோட்டத்துக் கத்தரிக்காயும் அந்த மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத்தான் இங்கே வரும். மாத்திரைகளை ஆன்லைனில் வாங்குகிறார், தள்ளுபடி கிடைக்கிறது. காவலுக்கு நிற்கும் இளைஞர் ஒடிசாக்காரர், சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார். திருச்சியில் உழைத்த உழைப்பு கோவை வழியாக ஒடிசாவில் ஒரு வீட்டுக்கு ஓடு மாற்றுகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் இந்த ஊர் கணக்கில் அது கசிவு.

உள்ளூரிலேயே நிற்பது எது? பால்காரர், பூக்காரம்மா, ஆட்டோக்காரர், பிளம்பர், இஸ்திரி போடுபவர், அந்தச் சமையல் அக்கா. அக்கா முன்பு நூறு நாள் வேலைக்கும் வெங்காயம் உரிக்கவும் போனவர். இப்போது வருஷம் முழுக்க மாதச் சம்பளம். இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவர் குடும்பம் இப்போது இருப்பது ரெண்டு பஸ் தள்ளி. அவர் மளிகை வாங்குவதும் அங்கேதான். அக்காவே கசிவாகிவிட்டார்.

சென்ட் கணக்கு

ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தை சென்ட் கணக்கில் பேச ஆரம்பித்தார்கள் என்றால் ஊர் மாறிவிட்டது என்று அர்த்தம். நிலம் வைத்திருந்தவருக்கு இது நல்ல காலம். கடனை அடைத்தார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார், மிச்சத்தில் ரோட்டோரம் நாலு கடை கட்டி வாடகைக்கு விட்டார். அந்த நிலத்தில் விளைச்சலில் பங்குக்கு உழுதவருக்கும் பாக்கு உரித்தவருக்கும் ஒரு பைசா கிடையாது, வேலையும் போச்சு. ஊரிலேயே பிறந்து, கல்யாணமாகி, ரெண்டு சென்ட் வாங்கி வீடு கட்ட நினைத்த பையன், சென்னையில் வீடு விற்ற காசோடு வருபவரோடு விலையில் போட்டி போட வேண்டும். முடியாது.

வருபவர்கள் பெரும்பாலும் ஒரு வீட்டை விற்றுவிட்டு வருகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் கொண்டுவருவது மாத வருமானம் மட்டும் இல்லை, நகரத்தில் நாற்பது வருஷம் ஏறிய நிலமதிப்பும் சேர்த்துத்தான். கிராமச் சந்தையில் அது இறங்கும்போது, உள்ளூர்க் கூலியை வைத்து இருந்த விலை நிற்பதில்லை.

இது முழு வேகத்தில் நடந்த இடம் ஃப்ளோரிடாவின் சம்ட்டர் மாவட்டம். 1990-ல் அங்கே சுமார் 31,500 பேர். மாடு மேயும் புல்வெளியும் தோட்டங்களும் உள்ள நாட்டுப்புறம். 'தி வில்லேஜஸ்' என்ற ஓய்வுபெற்றோர் நகரியம் அங்கே பரவியது. 2020-ல் மாவட்டத்தில் சுமார் 1,30,000 பேர். இடைநிலை வயது 68-ஐ ஒட்டி, அதாவது மாவட்டத்தில் பாதிப்பேர் அதற்கும் மேல். அமெரிக்க மாவட்டங்களிலேயே மூத்த மாவட்டம் அது. 2010-க்கும் 2020-க்கும் நடுவில் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரப் பகுதியும் அதுதான். கோல்ஃப் வண்டிகளுக்கென்றே தனிப் பாதைகள், சாயங்காலம் சதுக்கத்தில் இசை, நடனம். பெரும்பாலான வீதிகளில் 19 வயதுக்குக் கீழ் உள்ளவர் விருந்தாளியாக வருஷத்துக்கு 30 நாள்தான் தங்கலாம்.

அந்த 30 நாளைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அங்கே வேலை பார்க்கும் நர்சுக்கும் பரிமாறுபவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பிள்ளை இருப்பதாலேயே அவர்கள் அந்த வீதியில் குடியிருக்க முடியாது. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறார்கள். 1995-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, பத்தில் எட்டு வீட்டில் 55 வயதைத் தாண்டியவர் ஒருவராவது இருந்தால் பிள்ளைக்குடும்பங்களுக்கு இடம் இல்லை என்று சொல்ல அந்த நாட்டில் அனுமதி உண்டு. வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்காக அந்த நகரியமே ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறது. நல்ல ஏற்பாடுதான். எங்கள் அக்காவின் பஸ் பிரச்சினை அங்கே பள்ளிக்கூட ரூபத்தில் வந்திருக்கிறது.

ரோடு போட யார் காசு?

2019-ல் சம்ட்டர் மாவட்ட நிர்வாகம் சொத்துவரியை ஏறக்குறைய 25 சதவீதம் ஏற்றியது. நகரியம் தெற்கே விரிவதற்கு ரோடுகள் வேண்டியிருந்தன. புதிய வீடு கட்டுபவரிடம் ரோட்டுக்கான கட்டணத்தைக் கூடுதலாக வாங்குவதா, எல்லா வீட்டுக்காரர்களிடமும் வரியாக வாங்குவதா என்பதுதான் கேள்வி. வாங்கியது எல்லாரிடமும். நகரியத்துக்குச் சம்பந்தமே இல்லாத பழைய கிராமத்துக்காரர்களும் கட்ட வேண்டியதாயிற்று. இதில் நான் மிகவும் மதிப்பது, அதை எதிர்த்ததில் அங்கே குடிவந்த பெரியவர்களே முன்னால் நின்றார்கள் என்பதைத்தான். அங்கே மாவட்டத்தை நடத்தும் ஆணையர்கள் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள். 2020 தேர்தலில் மூன்று ஆணையர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதியவர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் புது வீட்டுக்கான கட்டணத்தை ஏற்ற முயன்றார்கள். 2021-ல் ஃப்ளோரிடா மாநிலம் ஒரு சட்டம் போட்டு, அப்படிப்பட்ட கட்டணங்களை எவ்வளவு வேகமாக ஏற்றலாம் என்பதற்கே வரம்பு கட்டிவிட்டது.

வருமானமும் செலவும் ஒரே கல்லாவில் விழுவதில்லை என்பதுதான் இதில் விளங்குவது. நம்மிடமும் அப்படித்தான். பத்திரப் பதிவில் வசூலாவதில் ஒரு பங்கும் வீட்டு வரியும் உள்ளாட்சிக்கு வரும். தொழில்வரியும் உள்ளாட்சிக்குத்தான், ஆனால் அது சம்பளத்துக்கும் தொழிலுக்கும்தான், ஓய்வூதியத்துக்கு இல்லை. குப்பையும் கழிவுநீரும் போர்வெல்லும் அந்த ஊராட்சியின் தலையில்தான் விழுகின்றன. ஸ்பெயினின் கோஸ்டா பிளாங்கா கடற்கரையில் குடியேறிய ஆங்கிலேய, ஜெர்மானிய முதியவர்கள் பலர் நகராட்சிப் பதிவேட்டில் பெயர் சேர்ப்பதே இல்லை. அங்கே மத்திய அரசின் நிதி தலைக்கணக்கில் வருவதால், பெயர் சேர்க்காத ஒவ்வொருவராலும் ஊருக்கு நிதி குறைகிறது. குழாயும் குப்பை வண்டியும் போலீசும் மட்டும் அவர்களுக்கும் சேர்த்தே ஓடுகின்றன. இங்கேயும் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பழைய ஊரிலேயே வைத்திருப்பவர்கள் பலர். அத்தையும் போன வருஷம்வரை அப்படித்தான்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி

1960 ஜனவரி 1 அன்று அரிசோனா பாலைவனத்தில் பருத்தி விளைந்த நிலத்தில் 'சன் சிட்டி' திறந்தது. முதல் மூன்று நாளில் பார்க்க வந்தவர்கள் ஒரு லட்சம் பேர் என்பார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஊர் என்ற யோசனை உலகம் முழுக்கப் பரவ அதுதான் விதை. அது பியோரியா பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தது. பள்ளி மாவட்டம் என்றால், பள்ளிகளை நடத்தவென்றே வகுத்த தனி எல்லை; அதற்குள் வீடு வைத்திருக்கும் எல்லாரும் பள்ளிக்கு வரி கட்ட வேண்டும், ஓட்டும் போடலாம். சுற்றியுள்ள இளம் குடும்பங்களின் பிள்ளைகள் பெருகினார்கள், வகுப்பறை போதவில்லை, கடன்பத்திரம் வெளியிட்டுக் கட்டலாம் என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். சன் சிட்டிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் தோற்கடித்தார்கள். பிள்ளைகள் ஷிப்டு முறையில் படித்தார்கள். கடைசியில் 1974-ல் சன் சிட்டியை அந்தப் பள்ளி மாவட்டத்திலிருந்தே பிரித்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதே சன் சிட்டியில் நகராட்சி கிடையாது, தெருவைக் கூட்டிச் சுத்தம் செய்வது குடியிருப்பவர்களே சேர்ந்த ஒரு தொண்டர் படை. எழுபது வயதுக்காரர்கள் காலையில் பையும் இடுக்கியுமாகப் போகிறார்கள். உழைப்பைக் கொடுக்க அவர்களுக்கு மனம் இருந்தது. தங்களுடையது என்று நினைத்த தெருவுக்குக் கொடுத்தார்கள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் தங்களுடையதாக நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரி விஷயம் நேர்மாறு. 2010-க்குப் பிறகு அமெரிக்கக் கிராமப்புறங்களில் 100-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் மூடின. ஆர்க்கன்சாவின் ஓசார்க் மலைப்பகுதியில் மவுண்டன் ஹோம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் கட்டிய நோர்ஃபோர்க், புல் ஷோல்ஸ் அணைகளால் ஏரிகள் உண்டாயின. மீன் பிடிக்க வந்த சிகாகோக்காரர்கள் ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே தங்கினார்கள். இன்று அந்த மாவட்டத்தில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் 65-ஐத் தாண்டியவர்கள். அந்தச் சிற்றூரில் பெரிய மருத்துவமனை ஒன்று நன்றாகவே நடக்கிறது, ஊரில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. முதியவர்களோடு வரும் காப்பீட்டுப் பணம் அதைத் தாங்குகிறது. அறுவடையில் கை முறிந்த இளைஞனுக்கும் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கும் அதே கட்டடம்தான். முதியவர்கள் வந்ததால் ஊர் முழுக்கவே பயன்பெற்றதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் இது.

வந்தவர்களுக்கும் வயதாகும்

முதலில் வருபவர் அறுபத்திரண்டு வயதில் காலாற நடப்பவர். வீடு அலங்கரிப்பார், வெளியே சாப்பிடுவார், கோயில் கோயிலாகப் போவார். இருபது வருஷம் கழித்து அவரே எண்பத்திரண்டு. லிட்வாக், லாஞ்சினோ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-ல் இதை மூன்று இடப்பெயர்ச்சியாகச் சொன்னார்கள்: காற்றும் வசதியும் தேடி முதல் முறை, உடம்பு தளர்ந்ததும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இரண்டாம் முறை, முழுநேரக் கவனிப்பு இருக்கும் இடத்துக்கு மூன்றாம் முறை. பலர் முதலோடு நின்றுவிடலாம், ஆனால் பாதை இதுதான்.

கோவைப் பக்கம் இந்த இரண்டாவது படி பலருக்கு இல்லை. பிள்ளைகள் டல்லாஸிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அதனால் தளர்ந்த பிறகும் இங்கேதான். ஊருக்கு வரும் செலவு அப்போது உருமாறுகிறது: ஓட்டலுக்குப் போன காசு உதவியாளருக்கும் டயாபருக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் போகிறது. பணத்தைவிட ஆள்தான் தட்டுப்பாடு. இரவில் புரட்டிப் படுக்கவைக்கப் பழகிய கை வேண்டும். அந்தக் கை நடந்து வரும் தூரத்தில் குடியிருந்தால்தான் ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட முடியும்.

இப்போதைக்கு அரசு டவுன் பஸ்தான் இந்த ஏற்பாட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது இல்லையென்றால் அக்காவின் சம்பளத்தில் ஒரு பகுதி ரோட்டிலேயே போயிருக்கும், ஒருவேளை வேலைக்கே வந்திருக்க மாட்டார். முதியோர் குடியிருப்பின் காலைக் காப்பிக்கு அரசு கொடுக்கும் மானியம் என்றுகூட இதைச் சொல்லலாம்.

அத்தை குடியிருக்கும் வளாகத்தின் பின்பக்கம் கொஞ்சம் காலி இடம் கிடக்கிறது. அதில் நடைபாதை போட வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு தங்க ஆறு வீடு கட்டி, குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம் என்று அத்தையும் இன்னும் பதினோரு பேரும் சேர்ந்து சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் சத்தம் வருமே என்று ஒருவர் கேட்டாராம். "வரட்டுமே, ரயில்வே காலனியில அதுலதான் தூங்கினேன்" என்று அத்தை சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டம் பொங்கலுக்கு முன்னால். வாக்காளர் பட்டியலில் பெயரையும் இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.